பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறப்பது எப்படி? பட்ஜீஸ் நிறக் கணக்கு, படிப்படியாக

நம் ஊர்க் கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது பட்ஜீஸைத்தான். ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி அது. காட்டில் அதன் நிறம் பச்சை. கடைகளில் பார்க்கும் நீலம், வெள்ளை, மஞ்சள் எல்லாம் மரபணு மாற்றத்தால் வந்தவை. (நம் ஊர்ப் பச்சைக்கிளியை வைத்து இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். அதை வீட்டில் அடைத்து வைப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

படி 1: ஓர் இறகை வெளிச்சத்தில் பாருங்கள்

கூண்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் நீல இறகு ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது நீலம் மறைந்து சாம்பலும் பழுப்புமாகத் தெரியும். ஏனென்றால் அதில் நீலச் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிக்கிறது, அடியில் மெலனின் என்ற கருநிறமி இருக்கிறது, அதனால் நமக்கு நீலம் தெரிகிறது. அதோடு மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. மஞ்சள் இல்லாவிட்டால் நீலம். கருநிறமி இல்லாவிட்டால் மஞ்சள் மட்டும் மிஞ்சும், அதுதான் லுட்டினோ. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை, அதாவது ஆல்பினோ.

படி 2: உள்ளே ஒளிந்திருக்கும் நீலம்

நீலம் ஓர் ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குஞ்சு பச்சையாகவே இருக்கும், ஆனால் நீலத்தைச் சுமக்கும். இதை ஸ்பிளிட் என்போம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு ஸ்பிளிட் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு நீலம். ஸ்பிளிட்டும் நீலமும் சேர்ந்தால் பாதிக்குப் பாதி.

உங்கள் பச்சைப் பறவை ஸ்பிளிட்டா என்று தெரிய வேண்டுமா? நீலப் பறவையோடு ஜோடி சேருங்கள். ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் உறுதி. எட்டுக் குஞ்சும் பச்சையாகவே பொரித்தால், அது ஸ்பிளிட் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். ஸ்பிளிட்டாக இருந்தும் அப்படி நடக்க 256-ல் ஒரு வாய்ப்புத்தான்.

படி 3: லுட்டினோ, இங்கே ஆண் பெண் கணக்கு வேறு

தொடங்கிய காலத்தில் லுட்டினோ பெண்ணைப் பச்சை ஆணோடு விட்டேன். குஞ்சு எல்லாம் பச்சை. ஏமாந்துவிட்டோம் என்று மனம் சோர்ந்துபோனது. பறவையில் குறை ஒன்றும் இல்லை, ஜோடிதான் தலைகீழ்.

பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். லுட்டினோ, ஆல்பினோ இரண்டுக்கும் காரணமான இனோ மரபணு இந்த இசட்டில் இருக்கிறது. பெண்ணிடம் மறைத்து வைக்க இன்னொரு இசட் இல்லாததால், பெண் ஒருபோதும் இனோ ஸ்பிளிட்டாக இருக்காது. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

ஆணை லுட்டினோவாகவும் பெண்ணைப் பச்சையாகவும் வையுங்கள். மகள்கள் எல்லாம் லுட்டினோ, மகன்கள் எல்லாம் பச்சை ஸ்பிளிட். அடை 18 நாள். பொரித்து இரண்டு மூன்று நாளில் பானைக்குள் மெல்லப் பாருங்கள். கண் இன்னும் திறந்திருக்காது. ஆனாலும் மெல்லிய தோலுக்கு அடியில் சில குஞ்சுகளுக்குக் கண் கருமையாகவும், சிலவற்றுக்கு இளஞ்சிவப்பாகவும் தெரியும். இந்த ஜோடியில் சிவப்புக் கண் என்றால் பெண், கருமை என்றால் ஆண். இறகு முளைக்கும் முன்பே ஆண் பெண் தெரிந்துவிடுகிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

அப்புறம் ஒன்று: லுட்டினோ ஆணுக்கு மூக்குச் சதை நீலமாக மாறாது, வளர்ந்த பிறகும் ரோஸ் நிறத்திலேயே இருக்கும். பெண் என்று நினைத்து ஜோடி மாற்றிவிடாதீர்கள்.

படி 4: அடர்த்தி

இது எளிது. அடர்நிற மரபணு ஒன்று இருந்தால் பச்சை கரும்பச்சையாகும், இரண்டு இருந்தால் ஆலிவ். நீலத்தில் அதுவே கோபால்ட், மாவ். இதில் ஒளிவுமறைவு இல்லை, பார்த்தாலே தெரியும்.

படி 5: நோட்டுப் போடுங்கள்

ஒரு வயது நிரம்பிய பறவைகளையே ஜோடி சேருங்கள். நிறத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தங்கையைச் சேர்க்கவே வேண்டாம், குஞ்சுகள் நலிந்து போகும். கூண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி இப்படி எழுதினால் போதும்:

கூண்டு 2. ஆண் லுட்டினோ, பெண் பச்சை. குஞ்சு 5. சிவப்புக் கண் 2, பெண். கருங்கண் 3, ஆண், இனோ ஸ்பிளிட். நீலம் சுமக்கிறதா? சோதிக்க வேண்டும்.