நாஷ்வில் போனால் கண்ட்ரி ராக் பேண்டை நேரில் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லுக்குப் போகிறீர்களா? ஓர் இரவை ஆட்டம் பாட்டமான கண்ட்ரி ராக் பேண்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கண்ட்ரி இசையும் ராக்கும் கலந்ததுதான் கண்ட்ரி ராக். பல இடங்களில் நுழைவுக் கட்டணமே கிடையாது. ஒரு பாட்டுகூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

1. சின்ன இடமாகப் பாருங்கள்

லோயர் பிராட்வே தெருவில் இரண்டு பக்கமும் இசை நடக்கும் மதுக்கூடங்கள்தான். ஹாங்கி டாங்க் என்பார்கள். பிரபல பாடகர்கள் பெயரில் பல மாடிக் கட்டடங்களும் உண்டு. அவற்றில் கூட்டம் அதிகம், ஆனால் மேடைக்கும் நமக்கும் ஒட்டே இருக்காது. முதல்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட். முன்பு பூட்ஸ் விற்ற கடை. இன்றும் சுவர் அலமாரிகளில் கௌபாய் பூட்ஸ்கள் வரிசையாக இருக்கும். 1990களின் நடுவில் பிஆர்5-49 என்ற பேண்ட் இங்கே டிப்ஸுக்கு வாசித்துத்தான் பெயரெடுத்தது.

2. பகலில் ரைமன் அரங்கம்

1892இல் மதக் கூட்டங்களுக்காகக் கட்டிய அரங்கம் இது. தேவாலயம் போலவே மர பெஞ்சுகள். கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கண்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை இங்கிருந்துதான் ஒலித்தது. 1968இல் 'த பேர்ட்ஸ்' ராக் குழுவினர் இந்த மேடையில் கண்ட்ரி வாசிக்க வந்தபோது, பழைய ரசிகர்கள் அவர்களை ஏற்கவில்லை. அன்று ஒவ்வாத அந்தக் கலவையைத்தான் இரவு முழுக்கப் பக்கத்துத் தெருவில் கேட்கப் போகிறீர்கள்.

3. நேரமும் அடையாள அட்டையும்

பேண்டுகள் பகலிலேயே தொடங்கி, முறை வைத்து மாறி மாறி வாசிக்கும். ஒரு பேண்டின் முறை பெரும்பாலும் நான்கு மணி நேரம் வரை போகும். சனிக்கிழமை இரவைத் தவிர்த்து, வார நாளில் மாலை ஐந்து மணிவாக்கில் போய்விடுங்கள். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாசலிலேயே அட்டை கேட்பார்கள், அதனால் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் பகலிலேயே போய், எத்தனை மணி வரை உள்ளே விடுவார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எங்கே நிற்பது

சத்தம் நம் ஊர்த் திருவிழா மைக் செட்டுக்குக் கொஞ்சமும் குறையாது. காதுக்கு அடைப்பான் எடுத்துப் போங்கள், கூச்சப்படவே வேண்டாம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல், பெடல் ஸ்டீல் கிதார் வாசிப்பவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். அவர் உட்கார்ந்துதான் வாசிப்பார். முன்னால் மேசை மாதிரி கிதார் கிடக்கும். வலக்கை தந்தியை மீட்டும், இடக்கை ஓர் இரும்புத் துண்டைத் தந்திமேல் வழுக்கிக்கொண்டே போகும், பாதம் பெடலை மிதிக்கும், முழங்கால் பக்கவாட்டில் நெம்புகோலைத் தள்ளும். அழுவது போன்ற அந்த இழுப்பு இத்தனை அசைவுகளும் சேர்ந்து வருவது. இசைத்தட்டில் எத்தனை தடவை கேட்டாலும் இது பிடிபடாது.

பாட்டுக்காரரின் கையையும் கவனியுங்கள். சில சமயம் ஒரு விரல், நான்கு விரல், ஐந்து விரல் என்று காட்டுவார். பாட்டோடு சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டுகளை (chords) நாஷ்வில்லில் எண்ணால் குறிப்பது வழக்கம். அன்றுதான் சந்தித்த கலைஞர்கள்கூட அந்த எண்களை வைத்தே ஒன்றாக வாசித்துவிடுவார்கள்.

5. டிப்ஸ் கட்டாயம்

இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். டிக்கெட் இல்லை என்பதால் இசை இலவசம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பகுதி டிப்ஸ்தான். பாதிக் கச்சேரியில் பேண்டைச் சேர்ந்த ஒருவர் ஜாடியோடு கூட்டத்துக்குள் வருவார். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நின்று கேட்டால் ஆளுக்கு ஐந்து டாலராவது போடுவதுதான் நியாயம். குறிப்பிட்ட பாட்டை வாசிக்கச் சொல்வதென்றால் அதைத் தாளில் எழுதி, 20 டாலர் நோட்டோடு சேர்த்து ஜாடியில் போடுங்கள். பிடித்த பேண்ட் என்றால் தொகையைப் பார்க்காமல் கொடுங்கள். அவர்கள் இரவெல்லாம் நின்று வாசிக்கிறவர்கள்.

6. அப்புறம் ஆட்டம்

மேடைக்கு முன் இடம் கிடைத்தால் ஆடலாம். ஜோடியாக ஆடுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றால் போதும், இரண்டு பாட்டுக்குள் காலடி பழகிவிடும். பசித்தால் ராபர்ட்ஸிலேயே பொரித்த பலோனி (ஒரு வகை இறைச்சி சாசேஜ்) சாண்ட்விச் கிடைக்கும். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் முன்பே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.

திரும்பும்போது பிராட்வேயிலேயே நின்று டாக்சி அழைக்காதீர்கள், வண்டி நகராது. இரண்டு மூன்று தெரு தள்ளி நடந்துபோய் அழையுங்கள்.