இரவுச் சாப்பாட்டுக்கு அரிசி உப்புமா

வேலை முடிந்து வந்து மாவும் இல்லை, குழம்பும் இல்லை என்றால் அரிசி உப்புமாதான் கைகொடுக்கும். 2 கப் பச்சரிசி, கால் கப் துவரம்பருப்பு, மிளகு, சீரகம் தலா ஒரு ஸ்பூன் எடுத்து, விடுமுறை நாளில் மிக்ஸியில் ரவையாக உடைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். கழுவ வேண்டாம், ஈரம் இருந்தால் கெட்டுவிடும்.

ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துத் தண்ணீர் விட்டு, உப்பு, தேங்காய்த் துருவல் சேருங்கள். தளதளவென்று கொதிக்கும்போதுதான் ரவையைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். அப்புறம் தீயை நன்றாகக் குறைத்து மூடி, பதினைந்து நிமிடம் விடுங்கள். தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய்தான் பொருத்தம். அடிப்பிடித்த பொன்னிறக் காந்தலைச் சுரண்டி எடுங்கள், அதற்குத்தான் வீட்டில் போட்டி. கத்தரிக்காய் கொத்சுக்கு நேரமில்லையா? தயிர் போதும்.