மடங்க மறுத்த மரக்கடை

பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் சுக்குக் காபி விற்க ஒரு மடக்குக் கடை செய்தோம். 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் ஒரு முதுகுப் பலகை, இரண்டு பக்கப் பலகைகள். இடது பலகை முதுகுப் பலகை மேல் ஒழுங்காக மடிந்து படுத்தது. அதன் மேல் படுக்க வேண்டிய வலதுதான் முரண்டு பிடித்தது. இடையில் ஒரு பலகையின் கனம் இருக்கிறதே! அழுத்தினால் கீலின் திருகு பிய்த்துக்கொண்டு வரும். முதுகுப் பலகையின் வலது விளிம்பில் அதே 18 மி.மீ. கனத்தில் தேக்குச் சட்டம் ஒட்டி, கீலை அதன் மேல் ஏற்றினோம். சரியாகப் படிந்துவிட்டது.

இரும்புக் கீலே போதும் என்றார் ஆசாரி. உப்புக் காற்றில் அது துருவேறி இறுகிவிடும். விலை கூடினாலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட்டேன். அப்புறம், அறுத்த ஓரங்களுக்கெல்லாம் எபாக்சிப் பிசின் பூச்சு. ஐப்பசி மழையில் முதலில் தண்ணீர் குடிப்பது ஓரம்தான். இப்போது கடை குட்டியானை வண்டியில் படுத்தபடி போகிறது. கூரைத் துணி மட்டும் தனிச் சுருட்டு.