பாக் விரிகுடாவை வைத்து சர்வதேசப் பாதுகாப்பில் முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி?

சர்வதேசப் பாதுகாப்பு என்றதும் அணுகுண்டு, ஏவுகணை, நேட்டோ என்றுதான் முதலாண்டு எம்.ஏ. மாணவர்கள் தலைப்புத் தேடுகிறார்கள். ராமநாதபுரம் கரையிலிருந்து போய்ச் சேர்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல பொருள் ஊரிலேயே இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அந்த இடுக்கான கடலுக்குள் எல்லைத் தகராறு, மீன்வளச் சரிவு, கடத்தல், அகதிகள், வல்லரசுகளின் கப்பல் நடமாட்டம் எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. அதோடு இரு கரை மீனவர்களும் பேசுவது தமிழ். டெல்லியில் படிப்பவர் மொழிபெயர்ப்பில் பார்ப்பதை நீங்கள் நேரடியாகப் படிக்கலாம், கேட்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 'டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராடஜிக் ஸ்டடீஸ்' என்றும், வேறு இடங்களில் அரசியல் அறிவியல் அல்லது சர்வதேச உறவுகள் என்றும் இந்தப் பாடம் வரும். பெயர் எதுவானாலும் பருவக் கட்டுரை ஒன்று கேட்பார்கள். 4,000 சொல், 12 வாரம் என்று வைத்துக்கொண்டு கீழே படிகளைச் சொல்கிறோம். உங்கள் துறையின் அளவு வேறென்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: தலைப்பை வெட்டுங்கள் (வாரம் 1)

"கச்சத்தீவும் இந்தியப் பாதுகாப்பும்" என்பது தலைப்பே இல்லை. அதை எடுத்தவர்கள் மூவாயிரம் சொல்லுக்கு வரலாறு எழுதிவிட்டு, கடைசி ஆயிரத்தில் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எந்தத் தலைப்பையும் மூன்று கேள்விகளால் அறுத்துப் பாருங்கள்: யாருடைய பாதுகாப்பு? எதிலிருந்து? அதைத் தருவது யார்?

"நாட்டின் பாதுகாப்பு, ஊடுருவலிலிருந்து, கடற்படையால்" என்று விடை வந்தால் அது ஒரு கட்டுரை. "நாட்டுப்படகு மீனவரின் பாதுகாப்பு, இழுவைமடியால் (விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் வலை) வரும் வருமான இழப்பிலிருந்து, மீன்வளத்துறையால்" என்றால் முற்றிலும் வேறு கட்டுரை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டினால் மதிப்பெண் போகும்.

நாலாவதாகக் காலவரம்பு வேண்டும். இந்தக் கடலில் இயல்பான வெட்டுக்கோடுகள் இருக்கின்றன: 1974, 1976-இன் இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள் (முதலாவது கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டது), 1983-க்குப் பிந்தைய போர்க்காலம், மும்பைத் தாக்குதல் நடந்த 2008, இலங்கையில் போர் முடிந்த 2009, இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை சட்டத்தால் தடை செய்த 2017. ஏதேனும் இரண்டுக்கு நடுவே நில்லுங்கள். "2009 முதல் 2017 வரை பாக் விரிகுடா மீன்பிடிச் சிக்கலை இலங்கை ஏன் கடற்படை வழியாகவே கையாண்டது?" என்பது 4,000 சொல்லுக்குள் அடங்கும் கேள்வி.

படி 2: தகவல் உரிமை மனுவை இப்போதே போடுங்கள் (வாரம் 2)

பலரும் இதை எட்டாவது வாரத்தில் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பதிவேட்டில் இருப்பதை மட்டும் கேளுங்கள். "2015 முதல் ஆண்டுவாரியாக ராமநாதபுரம் மாவட்டத்தில் பதிவான விசைப்படகு, நாட்டுப்படகு எண்ணிக்கை" என்பது மாவட்ட மீன்வளத்துறையிடம் கேட்கத்தக்க கேள்வி. ரோந்துக் கப்பல் எத்தனை, எந்த வழியில் போகிறது என்று கேட்டால் பிரிவு 8(1)(அ)-வைக் காட்டி மறுப்பார்கள். நாட்டுப் பாதுகாப்பையும் வெளிநாட்டு உறவையும் பாதிக்கும் தகவலுக்கு அங்கே விலக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியில் ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள்.

படி 3: ஒரே ஒரு கோட்பாடு (வாரம் 2, 3)

யதார்த்தவாதம், தாராளவாதம், ஆக்கவாதம் என்று மூன்றையும் தலைக்கு ஒரு பத்தி அறிமுகம் செய்துவிட்டுப் பிறகு மறந்துவிடுவது தொடக்கநிலையின் பெரிய வியாதி. ஒன்றை எடுங்கள்.

இந்தக் கடலுக்கு இரண்டு நன்றாகப் பொருந்தும். ஒன்று மனிதப் பாதுகாப்பு. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 அறிக்கை பாதுகாப்பை ஏழாகப் பிரித்தது: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதம், சமூகம், அரசியல். ஏழையும் எழுத வேண்டாம், இரண்டு போதும்.

இன்னொன்று, பாரி புசான், ஓலே வேவர் ஆகியோரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாதுகாப்புமயமாக்கல். சாதாரண நிர்வாகச் சிக்கல் ஒன்றை "இது நாட்டின் உயிர்ப் பிரச்சினை" என்று அதிகாரத்தில் இருப்பவர் அறிவிக்கிறார். மக்கள் அதை ஏற்கிறார்கள். உடனே வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைகள் நியாயமாகிவிடுகின்றன. போர்க்காலத்தில் மீன்பிடிப் படகே சந்தேகப் பொருளானதும், 2008-க்குப் பிறகு நம் கரையில் மீனவருக்குக் கைரேகையோடு கூடிய அடையாள அட்டையும் படகுக்கு நிறக்குறியீடும் வந்ததும் இந்தக் கண்ணாடி வழியே தெளிவாகத் தெரியும்.

சோதனை எளிது. எழுதி முடித்தபின் கோட்பாட்டின் பெயர் வரும் இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். கட்டுரை அப்படியே நின்றால் நீங்கள் கோட்பாட்டைப் பயன்படுத்தவே இல்லை.

படி 4: கடலின் சட்டப் பெயரைக் கண்டுபிடியுங்கள் (வாரம் 3)

1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் அளவுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: கரையோர அடிப்படைக் கோட்டிலிருந்து 12 கடல் மைல் ஆட்சிக் கடல், 24 வரை ஒட்டிய மண்டலம், 200 வரை தனிப் பொருளாதார மண்டலம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சாதாரண மைலோடு குழப்பினால் 10 மைல் தூரத்தில் இரண்டரை கிலோமீட்டர் பிழை வரும். எல்லைக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளி ஓடுகிறது என்னும்போது அந்தப் பிழை படகைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும்.

அடுத்த வழுக்கல் இடம் 73-ஆவது பிரிவு. தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியவருக்கு, நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதபோது, சிறைத்தண்டனை கூடாது என்று அது சொல்கிறது. "ஆகவே ராமேசுவரம் மீனவரைச் சிறைவைப்பது சட்டவிரோதம்" என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். பாக் விரிகுடாவின் எல்லையைப் போட்ட 1974 ஒப்பந்தம் அந்த நீரை 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்கிறது. கோட்டின் தன் பக்கத்தில் அந்தந்த நாட்டுக்கு முழு இறைமை என்று நான்காம் பிரிவு சொல்கிறது. அது தனிப் பொருளாதார மண்டலம் இல்லை. 73-ஐ இங்கே நேராக இழுக்க முடியாது. துப்பாக்கிச் சூடு பற்றி எழுத வேண்டுமானால், சாய்கா கப்பல் வழக்கில் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999-இல் சொன்னதைப் பாருங்கள்: பலப்பிரயோகத்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாதபோது தேவைக்கு மிஞ்சக் கூடாது.

படி 5: ஒப்பந்தங்களை வரிவரியாகப் படியுங்கள் (வாரம் 4, 5)

கட்டுரை நிற்பதும் விழுவதும் இங்கேதான். செய்தித்தாளையோ யூடியூப் விவாதத்தையோ நம்பி எழுதாதீர்கள். 1974 ஒப்பந்தம் எட்டே பிரிவுதான். வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தத் தளத்திலும் ஐ.நா. தளத்திலும் கிடைக்கிறது. அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.

ஐந்தாம் பிரிவு: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம்; அதற்காக இலங்கையின் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை. "வலை உலர்த்தும் உரிமை ஐந்தாம் பிரிவில் இருக்கிறது" என்று ஆயிரம் இடத்தில் எழுதப்பட்டிருக்கும். வலை என்ற சொல்லே அந்தப் பிரிவில் கிடையாது. மீன்பிடிப்பு என்பதும் இல்லை. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. அந்த 'மரபு உரிமை'க்குள் மீன்பிடிப்பு அடங்குமா என்பதுதான் சண்டை.

பிறகு 23 மார்ச் 1976. அன்றைய ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை போட்டது. அதோடு வெளியுறவுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் ஜெயசிங்கேயும் பரிமாறிய கடிதம், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் ஆட்சிக் கடலிலும் தனிப் பொருளாதார மண்டலத்திலும் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் வேறு கடலைப் பற்றியது, ஆகவே கடிதம் பாக் விரிகுடாவைத் தொடாது என்று ஒரு தரப்பு வாதிடும். 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று கடிதமே சொல்கிறதே என்று மறுதரப்பு கேட்கும். எங்கள் பார்வையில் இரண்டாவது வாதத்துக்கே வலு அதிகம். உங்களுக்கு முதலாவது பிடித்திருந்தால் அதையே எடுங்கள். ஆனால் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற சொல்லுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

தீவை விட்டுக்கொடுத்தது செல்லுமா என்ற கேள்வி வந்தால், நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம், மேற்கு வங்கத்தின் பெருபாரியைப் பிரித்துப் பாகிஸ்தானுக்குத் தரும் விவகாரத்தில் 1960-இல் சொன்னதைத் தொடுங்கள். தகராறில் இருந்த இடத்துக்குத்தான் எல்லை வகுத்தோம், விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. இரண்டு பத்தி போதும்.

படி 6: இரு கரையையும் கேளுங்கள் (வாரம் 6 முதல் 8)

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று போய் விசைப்படகுக்காரரையும் நாட்டுப்படகுக்காரரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தால் சங்கத் தலைவர் மட்டுமே பேசுவார். ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு பேர் போதும். கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தின மாலை மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன், டீசல், ஐஸ் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். கரையில் இருக்கும் நாளில் போங்கள். நோக்கத்தைச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, பெயரை மாற்றி எழுதுங்கள். கோடு தாண்டியதை ஒருவர் சொன்னால் படகு எண்ணைக் குறிக்கவே வேண்டாம்.

யாழ்ப்பாணம், மன்னார் மீனவரின் பக்கத்தை விட்டுவிட்டால் கட்டுரை பாதிதான். போர் முடியும்வரை கடலுக்குப் போகத் தடைகளோடு வாழ்ந்த அவர்கள், திரும்பி வலை விரித்தபோது நம் இழுவைமடி அதை அறுத்துக்கொண்டு போனதைத் தமிழிலேயே எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைத் தேடுங்கள். 'இந்தியா எதிர் இலங்கை' என்று தொடங்கிய கட்டுரை அதற்குப் பிறகு 'இழுவைமடி எதிர் சிறுவலை' என்று மாறினாலும் மாறலாம். மாறட்டும்.

ஓர் எச்சரிக்கை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளமும், மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையமும் இருக்கின்றன. அங்கே கேமரா, ட்ரோன் எதுவும் எடுக்காதீர்கள். 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் மாணவர் என்று பார்க்காது.

படி 7: எண்களைச் சந்தேகப்படுங்கள் (வாரம் 9)

கைது எண்ணிக்கைக்கு நாடாளுமன்றக் கேள்வி பதில்களே நல்ல இடம். ஆனால் நபர்களா, படகுகளா, கைது நிகழ்வுகளா என்று முதலில் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு முறை பிடிபட்டால் எண் இரண்டாகும். நாட்காட்டி ஆண்டும் நிதியாண்டும் கலந்திருக்கும்.

மாதக் கணக்கை ஒப்பிடும்போது கிழக்குக் கரையின் 61 நாள் தடைக்காலத்தை மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் போகாது, கைது குறையும். அதைப் பேச்சுவார்த்தையின் வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. இழுவைமடிப் படகுகளுக்கு மாற்றாக அரசு கொண்டுவந்த ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தை மதிப்பிடும்போதும், 2017-இல் அறிவித்த இலக்கையும் உண்மையில் கடலில் இறங்கிய படகுகளையும் தனித்தனி நிரலில் போடுங்கள்.

படி 8: எழுதுதல் (வாரம் 10 முதல் 12)

கேள்வியும் அதற்கு உங்கள் விடையும் 400 சொல். கோட்பாடு 600. பின்னணி 500, அதற்கு மேல் ஒரு வரி கூடாது. ஒப்பந்த வாசிப்பும் களத் தகவலும் சேர்ந்து 2,000. எதிர்வாதம் 300, முடிவு 200. பின்னணியை முதலில் எழுதினால் அது வீங்கும்; கடைசியில் எழுதுங்கள்.

மீன்பிடி வேண்டாம் என்பவர்களுக்கு இதே முறையில் வேறு பொருள்கள் இருக்கின்றன. 2001 முதல் காட்டுயிர்ச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் கடல் அட்டை, எல்லை தாண்டிய கடத்தல் பற்றி எழுத நல்ல பொருள். இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமை எடுத்தால், இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு என்பதிலிருந்து தொடங்குங்கள். 2022 ஆகஸ்டில் சீனாவின் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பலான யுவான் வாங் 5 இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்ததை எடுப்பவர்கள், அந்தத் துறைமுகத்தின் 99 ஆண்டுக் குத்தகையின் விதிகளைப் படிக்காமல் 'சீனத் தளம்' என்று எழுதிவிட வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் கேட்பது, "இதற்கு மாறான சான்று கிடைத்திருந்தால் உங்கள் முடிவு எப்படி மாறியிருக்கும்?" என்பதுதான். விடையை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு அரசு இணையப் பக்கத்தையும் பார்த்த தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய சுட்டிகள் செத்துப்போகும், தேர்வாளர் கேட்கும் நாளில் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.