மதுரை வீட்டின் கரியமிலக் கணக்கை மாடலில் போடுவது எப்படி?

பிளானை 3டி மாடலாக வரைந்த கையோடு, அந்த வீடு எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றும் என்றும் பார்த்துவிடலாம். வரையும் மென்பொருள் ரெவிட், ஃப்ரீகேட், எதுவானாலும் சரி. கணக்கு பெரும்பாலும் கெடுவது மென்பொருளால் அல்ல, அளவால்.

முதலில் ஒவ்வொரு பாகத்துக்கும் மெட்டீரியல் கொடுங்கள். 9 அங்குலச் சுவரை ஒரே கட்டியாக வரையாமல் செங்கல், உள்பூச்சு, வெளிப்பூச்சு என்று அடுக்குகளாகப் பிரியுங்கள். பூச்சு வேலையும் சிமெண்டைத் தின்னும். தூணும் பீமும் ஸ்லாப்பும் சேரும் இடங்களை 'ஜாயின்' செய்யாவிட்டால், அங்குள்ள கான்கிரீட் இரண்டு முறை எண்ணப்படும். அளவுப் பட்டியலை எடுத்ததும் ஸ்லாப்பை மட்டுமாவது கையால் சரிபாருங்கள்.

1,000 சதுர அடி தளம், 5 அங்குலக் கனம் (125 மி.மீ. என்று வைத்தால்): சுமார் 11.6 கன மீட்டர். 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை வைத்தால் 93 மூட்டை, அதாவது 4,650 கிலோ சிமெண்ட். ஓபிசி, அதாவது கலப்பில்லாத சாதாரண சிமெண்ட் என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 0.9 கிலோ கரியமிலம், மொத்தம் 4.2 டன். சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்குக் கிலோவுக்கு 0.65 என்று போட்டால் 3 டன்தான். ஒரு டன்னுக்கு மேல் மிச்சம், அதுவும் டிசைனைத் தொடாமலே.

கம்பியை மாடலில் வரைபவர்கள் குறைவு, அதனால் பட்டியலில் அது வராது. கன மீட்டருக்கு 80 கிலோ என்று தனியாகச் சேருங்கள்: 930 கிலோ, கிலோவுக்கு 2.5 வீதம் 2.3 டன். இதை விட்டுவிட்டு 'பசுமை வீடு' என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

லாரி வாடகை பற்றி நடக்கும் வாதம் அளவுக்கு லாரிப் புகை பெரிதல்ல. விருதுநகரிலிருந்து 50 கிலோமீட்டர் சிமெண்ட் வந்தால், டன்-கிலோமீட்டருக்கு 0.1 கிலோ வீதம், 25 கிலோவைக் கூடத் தொடாது.

அடுத்தது வீட்டில் குடியேறிய பிறகு எரியும் மின்சாரம். இதற்கு இலவசமாகக் கிடைக்கும் எனர்ஜிபிளஸ் என்ற மின்சாரக் கணிப்பு மென்பொருள் போதும். மதுரைக்கான வானிலைக் கோப்பையே ஏற்றுங்கள். சென்னைக் கோப்பைப் போட்டால் மாட்டுத்தாவணியிலும் கடல்காற்று வீசும். மாடலில் உண்மையான வடக்கைத் திருப்பி வைக்க மறக்காதீர்கள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் மேலே இருக்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்குப் பக்கம் சாயும். வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு வேண்டாம் என்பவரிடம் ஜூன் 21 நிழலை ஓட்டிக் காட்டுங்கள். மொட்டை மாடியில் வெறும் ஸ்லாப், தட்டோடு, வெள்ளை டைல்ஸ் என மூன்றையும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.

ஏசியில்தான் பெரிய பிழை வரும். டீஃபால்ட்டில் எல்லா அறையும் நாள் முழுக்கக் குளிரூட்டப்படுவதாக இருந்தால், ஒரே படுக்கையறையில் ராத்திரி மட்டும் ஏசி ஓடும் வீட்டுக்கு அது பொருந்தாது. நேரத்தை மாற்றி, அதே மாதிரி வீட்டின் இரண்டு மாத இபி பில்லோடு ஒப்பிடுங்கள். யூனிட் எண்ணிக்கை ஒத்துவந்த பிறகே யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமிலம் என்று பெருக்குங்கள்.