பழமை பேணும் இதழ் ஒன்றை வன்னியில் தொடங்குவது எப்படி

உப தபாலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவன் நான். மற்றவர்களின் சஞ்சிகைகளை அடுக்கிப் பிரித்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு, 2014 இல், நான்கு பேர் சேர்ந்து நாங்களே ஒன்றைத் தொடங்கினோம். ஊர், கோயில், காணி, கூத்து, அரசியல் எல்லாம் எழுதும் காலாண்டிதழ். போன மாதம் அயலூர்ப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். "ஐயா, நாங்களும் இப்படி ஒன்று அடிக்கப் போறம். எங்கேயிருந்து தொடங்கிறது?" என்று கேட்டார்கள். திண்ணையில் இருந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை அச்சகம் தேடுவது அல்ல. பழமையைக் காக்கப் போகிறோம் என்கிறீர்களே, எந்தப் பழமையை? அதைத் தீர்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். எங்கள் நால்வருக்கும் இடையில் முதலாம் இதழ் வருவதற்கு முன்பே சண்டை வந்தது இதில்தான். ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வழி. ஆகமப்படி நடக்கும் சைவமே எங்கள் மரபு, அதை எழுதுவோம் என்றார். நான் முள்ளியவளைப் பக்கம் வளர்ந்தவன். எனக்கு மரபு என்றால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன், பொங்கலை ஊருக்கு அறிவிக்கும் பாக்குத்தெண்டல், சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வந்து காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கெரிப்பது. நாவலரோ கண்ணகி வழிபாட்டையும், கோயிலில் மிருகங்களைப் பலியிடும் வேள்வியையும் கண்டித்தவர். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கண்ணகி கோயில்கள் பிறகு வேறு அம்மன் பெயருக்கு மாறிவிட்டன. இரண்டுமே பழமைதான், ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் பழமைகள். கடைசியில், வன்னியில் இன்னும் நடக்கிறதை முதலில் பதிவோம், எது சரி என்ற வழக்கை வாசகர் பக்கத்தில் வைப்போம் என்று முடிவெடுத்தோம். நாவலர் வழிக்காரர் இரண்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அந்தப் பக்கத்துக்கு அவரே முதல் கடிதம் எழுதினார், எங்களைத் தாளித்து.

நாவலரைச் சொன்னதால் இன்னொன்று. பழமை பேணுகிறவன் புதுக்கருவியைத் தொடக்கூடாது என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் நாவலர். அமெரிக்க மிஷனரிமார் 1841 இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கியதைப் பார்த்தவர். 1849 இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுத்தினார். எதிராளியின் கருவியைக் கொண்டே எதிராளிக்குப் பதில் சொன்னார். அவருக்குப் பிறகு 1888 இல் சைவபரிபாலன சபை வந்தது, அடுத்த வருடம் அந்தச் சபையின் இந்துசாதனம் வந்தது, 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. ஒரு சபை, ஒரு பத்திரிகை, ஒரு பள்ளிக்கூடம்: அடுத்தடுத்த மூன்று வருடத்தில். வெறும் பத்திரிகை மட்டும் அடித்திருந்தால் அது இத்தனை காலம் நின்றிருக்காது. ஆகவே தம்பிமார், உங்களுக்குப் பின்னால் ஒரு வாசிகசாலையோ அறநெறிப் பாடசாலையோ கோயில் நிருவாகமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.

அடுத்தது பொறுப்பு. நால்வரும் ஆசிரியர் என்றால் யாருமே ஆசிரியர் இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கட்டுரை ஒன்றில் நேஷனல் ரிவ்யூ என்ற, பழமை பேணும் அமெரிக்க இதழ் பற்றி வாசித்தேன். 1955 நவம்பரில் வில்லியம் பக்லி அதைத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயது நிறையச் சில நாள் இருந்தது. மதமரபுக்காரர், சந்தைப் பொருளாதாரக்காரர், கம்யூனிசத்தை விட்டு வெளியே வந்தவர்கள் என்று ஒருவருக்கொருவர் ஒத்துவராத ஆட்களை ஒரு கூரைக்குள் வைத்திருந்தார். வாக்குரிமையுள்ள பங்குகளை மட்டும் முழுவதும் தன் கையில் வைத்துக்கொண்டார். சண்டை பிடிக்கலாம், இதழை உடைக்க முடியாது. எங்களிடம் பங்கும் இல்லை, காசும் இல்லை. ஆனால் கொப்பியில் ஒரு வரி எழுதி நால்வரும் கையொப்பம் வைத்தோம்: எது அச்சுக்குப் போகும் என்ற கடைசிச் சொல் ஒருவருடையது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும்.

காசு. அந்த அமெரிக்க இதழ் பல பத்து வருடமாக நட்டத்தில்தான் ஓடியது, ஆதரவாளர் கொடுத்ததில் தான் நின்றது. அங்கேயே அப்படியென்றால் மாங்குளத்தில் இலாபம் வரும் என்று கனவு காணாதீர்கள். நாங்கள் 300 பிரதி அடித்தோம். பாக்குத்தெண்டலைப் பார்த்தே வழி பிடித்தேன். பொங்கல் வருகிறது என்று ஊருக்கு அறிவித்து, வழமையான வீடுகளுக்குப் போய், கொடுப்பதை வாங்கி வருவதுதானே அது. அதேபோல் சந்தாவுக்கு வீடுவீடாகப் போனேன். கடிதம் போட்டால் நூற்றுக்குப் பத்துப் பேர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், படலையில் நின்று கூப்பிட்டால் தேத்தண்ணியும் சந்தாவும் கிடைக்கும். போகிற காலம் முக்கியம். விதைப்புக் காலத்தில் போகாதீர்கள், எல்லார் காசும் வயலுக்குள் கிடக்கும். காலபோக அறுவடை முடிந்து நெல்லு விற்ற மாசி, பங்குனிதான் எங்கள் சந்தா மாதம். அதற்கு அடுத்த இதழ் வைகாசியில் வரும். வற்றாப்பளைப் பொங்கல் இரவில் ஒரு மேசை போட்டால் மூன்று மாதம் கடைகளில் விற்காதது ஒரே இரவில் விற்கும். முறிகண்டியில் கச்சான் கடைக்காரர் ஒருவரும் பத்துப் பிரதி தொங்கவிடுவார். அவர் வாசிப்பதில்லை. ஆனால் விற்பார்.

தேர்தல் வரும் மாதத்தில் விளம்பரம் வாங்க மாட்டோம் என்று முதல் நாளே எழுதி வையுங்கள். வேட்பாளரின் ஆள் உள்ளட்டை முழுப்பக்கத்துக்குக் காசோடு வந்து நிற்கும்போது தீர்மானிக்கப் போனால் தீர்மானம் உங்கள் கையில் இருக்காது. அதற்காக அரசியல் எழுதாமல் விடச் சொல்லவில்லை. 2017 இல் கேப்பாப்பிலவு பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படை பிடித்திருந்த தங்கள் காணிக்காக வீதியோரம் இருந்தார்கள். எல்லாப் பத்திரிகையும் கோஷத்தை எழுதியது. நாங்கள் ஒவ்வொருவரிடமும் அந்தக் காணிக்குள் என்ன நின்றது என்று கேட்டு எழுதினோம்: எத்தனை தென்னை, கிணற்றுக்கட்டு எந்தப் பக்கம், வைரவர் எந்த மரத்துக்குக் கீழே. பழமை பேணும் இதழின் அரசியல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தலையங்கத்தில் கத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி உள்ளடக்கம். நல்ல சரக்கு எழுத்தாளரிடம் இல்லை, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தில் ஒரு பகுதியை அச்சிட வேண்டும் என்று ஒரு அண்ணாவியாரிடம் போனேன். எண்பது வயது தாண்டியவர். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். "தம்பி, அச்சில வந்தா ஆரும் ஆடலாம். பேந்து எங்களிட்ட ஆர் வந்து பழகப்போறான்?" நான்கு முறை போனேன். நாலாம் முறை அவர் பாடப்பாட எழுதினேன். ஒரு அடியை முதலில் ஒரு விதமாகவும் அடுத்த நாள் வேறு விதமாகவும் பாடினார். எது சரி என்று கேட்டேன். "இரண்டும் சரி. ஆடுறவன்ர காலைப் பார்த்துத்தான் பாடுறது" என்றார். ஆகவே ஒரு பாடத்தை எழுதி, மற்றதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டேன். அங்கேதான் வினை வந்தது.

வினை என்னவென்றால் எழுத்துரு. நாங்கள் யுனிகோட்டில் தட்டினோம். அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துரு. மாற்றும்போது சதுர அடைப்புக்குறி தொடங்குகிற இடமெல்லாம் 'ஜ', முடிகிற இடமெல்லாம் 'ஸ'. நான் தாளில் மெய்ப்புப் பார்க்காமல் கைபேசியில் பழைய கோப்பையே பார்த்துவிட்டு, சரி, அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். 300 பிரதியும் வந்து இறங்கியது. அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "கோவலன் எப்ப தம்பி 'ஜகோவலன்ஸ' ஆனவன்?" சிரிக்கவில்லை. இரண்டாம் இதழில் அந்தப் பகுதி முழுவதையும் திரும்ப அடித்த பிறகுதான் கொப்பியின் மிச்சத்தைக் காட்டினார்.

ஆகவே: அச்சகம் மாற்றிய பிறகு வரும் தாளை மட்டுமே மெய்ப்புப் பாருங்கள், அதுவும் இரண்டு பேர், ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் பார்க்க. நடுவில் பின் அடிக்கிற இதழென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும். 46 பக்கத்துக்கு எழுதிவிட்டு அச்சகத்தில் போய் நிற்காதீர்கள். மிஞ்சுகிற இரண்டு பக்கத்துக்கு அங்கே இருந்தபடி ஒரு கவிதை எழுதப்படும், அதை நீங்கள்தான் வெளியிட வேண்டிவரும்.

கடதாசி வேலைகள் சுருக்கம்தான். செய்திப்பத்திரிகைச் சட்டம் 1839 ஆம் ஆண்டு, வெள்ளைக்காரன் காலத்தது. பதிவு தேசிய சுவடிகள் திணைக்களத்தில். சஞ்சிகைக்கான சர்வதேச இலக்கமும் (ISSN) எடுக்கலாம். தபாலில் அனுப்புவதாக இருந்தால், உறை ஒட்டுவதற்கு முன் ஒரு பிரதியை உறையோடு தபாலகத்தில் நிறுத்துப் பாருங்கள். அட்டையைத் தடிப்பாகப் போட்டு நிறை ஒரு படி ஏறினால் வருடம் முழுக்க அந்தக் காசு போகும். எத்தனை ஆசிரியர்மாரை இந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், தராசுக்கு முன்னால் நின்று வியர்க்கிறதை.

இதழ் வளரும்போது ஒரு நாள் உங்கள் படலைக்கு ஒருவர் வருவார். எங்களுக்கு மூன்றாம் இதழோடு வந்தார். அதில் பழைய ஊர் வாழ்க்கை பற்றி ஒரு கட்டுரை, எழுதியவன் நான்தான். 'அந்தக் காலத்தில் எல்லாரும் அவரவர் தொழிலைச் செய்து ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்' என்று ஒரு வசனம். இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெடியன் நின்றான். "ஐயா, இந்த 'எல்லாருக்குள்ளயும்' எங்கட அப்பப்பாவும் இருக்கிறாரோ? அவர் கடைசி வரைக்கும் கோயில் வெளிவீதியில நின்டு பறை அடிச்சவர்." எனக்குப் பதில் வரவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகக் கேட்டு ஒடுக்கப்பட்ட சாதி ஆட்கள் நின்றதும், உள்ளே விடமாட்டோம் என்று ஆட்கள் நின்றதும் எனக்குத் தெரியாத கதை அல்ல. தெரிந்தும் அந்த வசனத்தை எழுதியிருக்கிறேன். நான்காம் இதழில் அவனையே எழுதச் சொன்னோம், ஒரு சொல்லும் வெட்டவில்லை. நன்கொடை தந்துகொண்டிருந்த இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். பக்லியின் இதழும் 1957 இல் தென்மாநில வெள்ளையரின் ஆதிக்கத்தை நியாயப்படுத்தித் தலையங்கம் எழுதியது. அந்த விஷயத்தில் தான் பிழை என்று அவர் ஒப்புக்கொண்டது வயதுபோன காலத்தில். பழமை பேணும் இதழ்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் படலை ஒரு நாள் வரும் போலிருக்கிறது. வந்த அன்றே திறந்துவிடுங்கள்.

வாசகரை நேரில் கூட்டுங்கள், வருடம் ஒருமுறையாவது. இதை நான் படித்தது சென்னைத் துக்ளக் இதழின் ஆசிரியர் சோவிடம். அவர் பெயரை வன்னியில் சொன்னால் முகம் சுளிப்பார்கள், காரணமும் இருக்கிறது: எங்கள் போராட்டத்தை அந்த அளவுக்கு எதிர்த்து எழுதியவர். ஆனாலும் 1970 பொங்கலுக்குத் தொடங்கிய துக்ளக், இந்தியாவின் நெருக்கடிநிலையின்போது அட்டை முழுவதையும் கறுப்பாக அடித்து வெளியிட்டது, ஆண்டுதோறும் வாசகர்களை மண்டபத்தில் கூட்டிக் கேள்வி கேட்கவிட்டது. பிடிக்காதவரிடமும் தொழில் பழகலாம். எங்கள் கூட்டம் அறுவடை முடிந்த பிறகு வாசிகசாலையில். முதல் வருடம் 14 பேர் வந்தார்கள், அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

கடைசியாகப் பிரதிகளைப் பாதுகாப்பது. 2009 இல் கிளிநொச்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டி நிறைய மல்லிகைச் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகை வெட்டுகளும் தூக்கிக்கொண்டு போனேன். தருமபுரம், விசுவமடு வரைக்கும் உழவு இயந்திரத்தில் வந்தது. உடையார்கட்டில் தண்ணீர்க் கலனா, பெட்டியா என்று வந்தபோது பெட்டியை விட்டேன். ஆகவே ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று கொடுத்தால் மின்வடிவாக்கிப் போடுவார்கள், கொழும்பில் ஒரு உறவினர் வீட்டில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. வீட்டில் வைப்பதை நிலத்தில் வைக்க வேண்டாம், நான்கு கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள், மாரிக்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் முதலாம் இதழில் என்னிடம் மிஞ்சியிருப்பது இரண்டு பிரதி. ஒன்றைக் கறையான் பாதி தின்றுவிட்டது. தின்னாத பாதியில்தான் அந்த 'ஜகோவலன்ஸ' இருக்கிறது.