தடம் புரண்ட ரயிலில் எந்த எஞ்சின், எந்தப் பெட்டி? குறிப்பெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் ரயில் எஞ்சின், பெட்டி எண்களைக் குறித்து வைக்கும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எங்காவது ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டால், அன்று மாலைக்குள் அவர்களிடம் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தால், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக நிற்கின்றன.

கரி படிந்த எண்ணில் 3 எது, 8 எது என்று தடுமாறுவது, தேதியை மாற்றி எழுதுவது போன்றவற்றை நான் இங்கே எடுக்கவில்லை. அவற்றை அனுபவமே திருத்திவிடும். தானாகத் திருந்தாத பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

குன்னூர் சிறிய ஊர். எந்த நாளில் எந்த எஞ்சினை எந்த டிரைவர் எடுத்துப் போனார் என்பது கடைவீதி வரைக்கும் தெரியும். எண்ணைத் தவறாக எழுதினால் அது ஒரு மனிதரின் பெயரைத் தவறாக எழுதுவதற்குச் சமம். அதை மறந்துவிட்டுப் பேனாவைத் திறக்காதீர்கள்.

எண்ணை மட்டும் நம்புவது

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 37384இல் தொடங்கும் ஐந்து இலக்க எண்களைத் தாங்கியவை. அகல ரயில் பாதையில் ஓடும் வாப்-7 வகை மின் எஞ்சின்களிலும் 37 ஆயிரத்தில் தொடங்கும் ஒரு பெரிய வரிசை உண்டு. எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் மலை எஞ்சினுக்குப் பதில் சென்னை எக்ஸ்பிரஸை இழுக்கும் எஞ்சின் வந்து நிற்கும். வகையும் எண்ணும் சேர்ந்தால்தான் அடையாளம். நோட்டில் எண்ணுக்கு முன்னால் வகையை எழுதாதவர்களின் பட்டியலை நான் படிப்பதே இல்லை.

எக்ஸ் வகைக்குள்ளேயும் கவனம் வேண்டும். பழையவை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் கட்டியவை, அவற்றின் கடைசித் தொகுதி 1952இல் வந்தது. 37396 முதல் 37399 வரையிலான நான்கும் பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டப்பட்டவை. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் எரிபவை. எல்லாவற்றிலும் பக்கத்திற்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள் இருக்கும். மேலே உள்ள இரண்டும், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்பட்டையைப் பற்றி ஏறும் பல்சக்கரங்களை ஓட்டுபவை, கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுபவை. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் எண் தெரியாவிட்டாலும், எஞ்சினின் பின்பகுதியில் நிலக்கரி குவிந்திருக்கிறதா, எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்தால் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். அதுவரை போதும். மீதிப் பாதியை ஊகித்து நிரப்பாதீர்கள்.

மீட்க வந்த எஞ்சினைக் குற்றவாளி ஆக்குவது

தடம் புரண்ட பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு எஞ்சின் நிற்கும் படம் கிடைத்தால் உடனே அதன் எண்ணை எழுதிவிடுகிறார்கள். அந்தப் படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? சில மணி நேரத்திற்குள் வேறொரு எஞ்சின் வந்து நல்ல பெட்டிகளை இழுத்துப் போயிருக்கும். சமவெளியில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மின்மயமான பாதையில் பெரிய விபத்து நடந்தால் மேலே செல்லும் மின்கம்பிகள் அறுந்து விழும் அல்லது மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அங்கே வந்து வேலை செய்வது டீசல் எஞ்சின். மின் எஞ்சின் இழுத்து வந்த ரயிலின் அருகே டீசல் எஞ்சின் நின்றால், முதலில் மீட்பு எஞ்சின் என்றே எண்ணுங்கள்.

மலையிலும் இதே கதைதான். குன்னூருக்குக் கீழே நீராவி, மேலே பெரும்பாலும் ஒய்.டி.எம்-4 டீசல். குன்னூருக்கு மேலே, கேத்திக்கும் லவ்டேலுக்கும் இடையே நடந்த சம்பவத்திற்கு நீராவி எஞ்சின் எண்ணைப் போட்ட ஒரு பட்டியலைப் பார்த்தேன். அதை எழுதியவர் காலையில் மேட்டுப்பாளையத்தில் அதே வண்டியைப் படம் எடுத்திருக்கிறார். குன்னூரில் எஞ்சின் மாறும் என்பதை யோசிக்கவில்லை.

"முதல் பெட்டி", "கடைசிப் பெட்டி"

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றும் என்னைக் கோபப்படுத்தும் பிழை இது.

சமவெளியில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது. எஞ்சினை அடுத்தது முதல் பெட்டி, வால் பக்கம் கடைசிப் பெட்டி. எல்லோர் மனத்திலும் இந்தப் படம்தான் பதிந்திருக்கிறது. கல்லாரிலிருந்து குன்னூர் வரைக்கும் இது பொருந்தாது. பற்தண்டவாளம் உள்ள அந்தப் பகுதியில் சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. அங்கே எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். வண்டி ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சினை மீறிக் கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

இதன் விளைவைப் பாருங்கள். ஏறும் வண்டியின் முதல் பெட்டி எஞ்சினிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது. இறங்கும் வண்டியில் எஞ்சினை ஒட்டியதே முதல் பெட்டி. ஒரே பெட்டிகள், ஒரே வரிசை. காலையில் முதல் பெட்டியாக ஏறியது பிற்பகலில் கடைசிப் பெட்டியாக இறங்குகிறது. 2023 ஜூன் மாதம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குக் கிளம்பிய வண்டியின் கடைசிப் பெட்டி தடம் விலகியதாகச் செய்தி வந்தது. இறங்கும் வண்டி என்பதால் அது எஞ்சினுக்கு எட்டாத மறுமுனைப் பெட்டி. இதே சொற்கள் ஏறும் வண்டியைப் பற்றி வந்திருந்தால் எஞ்சினை ஒட்டிய பெட்டியாக இருந்திருக்கும். செய்தி எழுதியவர் பயணத் திசையில் எண்ணினாரா, எஞ்சினிலிருந்து எண்ணினாரா என்பது தெரியாவிட்டால் அதுவும் உறுதியில்லை.

பெட்டி மாறினால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கிறார்கள். முழுகத்தான் செய்கிறது. ஏறும் வண்டியில் முன்னணிப் பெட்டிதான் பாதையில் கிடக்கும் பாறையை, விழுந்த மரத்தை, குறுக்கே வந்த எருமையை முதலில் சந்திக்கிறது. அதன் முன்மேடையில் கொடியோடு நிற்கும் ஊழியர்தான் பின்னால் இருக்கும் டிரைவருக்குக் கண். எஞ்சினை ஒட்டிய பெட்டியோ, மேலே உள்ள எல்லாப் பெட்டிகளின் பாரத்திற்கும் கீழிருந்து வரும் தள்ளு விசைக்கும் நடுவே அகப்பட்டிருக்கிறது. முன்னது விலகினால் தடையைத் தேடுவோம். பின்னது விலகினால் தள்ளு விசையையும் வளைவையும் பார்ப்போம், எஞ்சினை ஓட்டியவர் பக்கம் திரும்புவோம். பெட்டியை மாற்றி எழுதினால் காரணமே மாறிவிடும்.

இது நடந்தது. ஏறிய வண்டி ஒன்றில் முதல் பெட்டியின் சக்கரங்கள் விலகின. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. மேட்டுப்பாளையத்துப் பையன் ஒருவன், ஆர்வமுள்ளவன், எஞ்சினை ஒட்டிய பெட்டியின் எண்ணை எழுதினான். கூடவே, நீராவியை அளவுக்கு மீறித் திறந்ததால் பெட்டி நெருக்கப்பட்டு விலகியது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துவிட்டான். படமும் எண்ணும் விளக்கமும் சேர்ந்து பார்ப்பதற்குக் கச்சிதமாக இருந்தன. பலருக்குப் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பெறும் வயதிலிருந்த டிரைவரைத் தேநீர்க் கடையில் நிறுத்தி, "என்னங்கண்ணா, அவ்வளவு அவசரமா?" என்று கேட்டார்கள். உண்மையில் விலகியது மறுமுனையில் இருந்த பெட்டி. மழையில் சரிந்த கல் வளைவில் கிடந்தது. பையனிடம் சொன்னபோது, "பெட்டி எண்ணைத் திருத்திவிடுகிறேன் ஐயா" என்றான். திருத்தினான். அந்த விளக்கத்தை எடுத்துப் பரப்பியவர்கள் யாரும் திருத்தவில்லை. அந்த டிரைவரின் பணிக்காலத்தின் கடைசி மாதங்கள் அந்தக் கேள்வியோடு கழிந்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே "முதல்", "கடைசி" என்ற சொற்களை உங்கள் நோட்டில் எழுதவே வேண்டாம். "மேல்முனையிலிருந்து முதலாவது", "எஞ்சினிலிருந்து மூன்றாவது" என்று எழுதுங்கள். வண்டி ஏறியதா இறங்கியதா என்பதை முதல் வரியிலேயே குறியுங்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பற்பட்டை தெரிந்தால் இடம் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே. தெரியாவிட்டால் அதற்குக் கீழேயோ மேலேயோ. கிலோமீட்டர் கணக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து தொடங்குவதால் எண் கூடும் பக்கம் மேடு. குன்னூரில் வண்டி சிறிது தூரம் பின்னோக்கி நகர்ந்த பிறகே வெலிங்டன் பக்கம் ஏறும், எஞ்சினும் மாறும். அதனால் கீழே எழுதிய வரிசையை மேலே அப்படியே ஒட்டாமல், புதிதாக எழுதுங்கள்.

எஸ்-4 என்பது பெட்டியின் எண் அன்று

அது அந்தப் பயணத்திற்கு மட்டும் மாட்டிய பலகை. நாளை அதே பலகை வேறு பெட்டியில் தொங்கும். பெட்டியின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். ஐந்து இலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டும் கட்டிய ஆண்டு, அடுத்த மூன்றும் வகையைக் காட்டும்: 201 முதல் 400 வரை சாதாரணத் தூங்கும் பெட்டி, 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏ.சி. அண்மையில் ஆறு இலக்க எண்களும் வந்துவிட்டன. பெட்டி கவிழ்ந்து ஒரு பக்கம் மண்ணில் புதைந்திருந்தால் மறுபக்கத்தில் பாருங்கள். இரு பக்கமும் எழுதியிருப்பார்கள்.

கோப்புப் படம்

படத்தின் கீழே அப்படி எழுதியிருந்தால் மூடி வையுங்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸ்

சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் 12671, மலை ரயில் அன்று. இரண்டும் மேட்டுப்பாளையத்தில் சந்திக்கின்றன, அவ்வளவே.

சம்பந்தப்பட்ட எல்லாமே தடம் புரண்டவை என்று எழுதுவது

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலாசோர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் மூன்று ரயில்கள் சம்பந்தப்பட்டிருந்தன: கோரமண்டல் எக்ஸ்பிரஸ், யஷ்வந்த்பூர்–ஹவுரா ரயில், கிளைப்பாதையில் நின்ற சரக்கு ரயில். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய அதன் பெட்டிகள், எதிர்த் திசையில் கடந்துகொண்டிருந்த ஹவுரா ரயிலின் பின்பகுதியில் மோதின. அப்போது ஹவுரா ரயிலின் எஞ்சின் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. அந்த எஞ்சினையும் சேதமானவற்றோடு சேர்த்து எழுதிய குறிப்புகளை இன்றும் காண்கிறேன். மோதியது, தடம் விலகியது, கவிழ்ந்தது, தடத்திலேயே நின்றது என நான்கு தனிப் பத்திகள் போடுங்கள். நான்காவதில் எழுதத் தயங்காதீர்கள். தடத்தில் நின்ற பெட்டிகளும் நடந்ததைச் சொல்லும்.

பழைய விபத்துகளுக்குப் புதிய எண்

அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது 1956 நவம்பரில். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகக் காரணமான விபத்து அது. நீராவி எஞ்சின்களுக்கு இந்தியா முழுவதற்கும் பொதுவான எண் வரிசை கொடுத்தது அதற்குப் பிறகு, 1950களின் இறுதியில். எனவே அதற்கு முந்தைய எந்த விபத்தின் அறிக்கையிலும் உள்ள எஞ்சின் எண்ணைப் பிற்காலப் பட்டியலில் நேரடியாகத் தேடக் கூடாது. பழைய எண்ணை உள்ளபடி எழுதி, எந்த ரயில்வேயின் எண் என்பதைச் சேர்த்து, புதிய எண்ணுக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். மலை எஞ்சின்களுக்கும் இதே விதிதான். நமக்குப் பழகிய 37 ஆயிர எண்கள் அவற்றில் மூத்தவற்றுக்குப் பிறந்தபோது இட்டவை அல்ல.

உயிரிழப்போ பெருங்காயமோ நேர்ந்தால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். ஆணையரின் துறை ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் உள்ளது. அந்த அறிக்கையில் எஞ்சின் எண்ணும் பெட்டிகள் கோக்கப்பட்ட வரிசையும் இருக்கும். அது வெளிவரும் வரை உங்கள் நோட்டில் எழுதுவதைப் பென்சிலில் எழுதுங்கள். அறிக்கை வந்தபின் உங்கள் வரிசை எங்கே பிசகியது என்று ஒப்பிட்டு, பிசகிய இடத்தை அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதை மையில் எழுதுங்கள்.